தம்பியின் குறும்படத்துக்கு மூன்று ‘சர்வதேச விருது’ கிடைத்திருக்கிறது. இதெல்லாம் உண்மையான விருதுதானா?

கேட்டவர் சொன்னது: தம்பி கோலாலம்பூரின் செந்தூலில் எடுத்த தமிழ்க் குறும்படம் மூன்று வெளிநாட்டு விழாக்களில் விருது வாங்கியிருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் பெருமை, ஆனால் அந்த விழாக்களின் பெயரை யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

விழாக்களின் பெயர் தெரியாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கோலாலம்பூரில் குறும்படங்களுக்கு எடிட்டிங் செய்கிறவன் என்ற முறையில் என் ஊகம்: மூன்றுமே இணையத்தில் மாதாமாதம் நடக்கும் விழாக்களாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

படங்களை விழாக்களுக்கு அனுப்ப உதவும் ஃபிலிம்ஃப்ரீவே மாதிரித் தளத்தில் படத்தின் லிங்க்கைப் போட்டு, இருபது முப்பது டாலர் கட்டினால் விண்ணப்பம் முடிந்தது. விருதுப் பிரிவுகள் ஐம்பதுக்கும் மேல் இருக்கும். சிறந்த படம், சிறந்த ஆசியப் படம், சிறந்த அறிமுக இயக்குநர், சிறந்த போஸ்டர் என்று யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். தியேட்டர் கிடையாது, பார்வையாளர் கிடையாது. வென்றதாக மின்னஞ்சல் வரும், கூடவே கோப்பை வேண்டுமென்றால் தனிக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும். நான் எடிட் செய்த ஒரு படத்துக்கு இப்படித்தான் ‘சிறந்த ஒளிப்பதிவு’ கிடைத்தது. படம் ஏற்றியிருந்த விமியோ என்ற வீடியோ தளத்தில் அந்த லிங்க்கை எத்தனை பேர் திறந்தார்கள் என்று இயக்குநர் பார்த்தார். பூஜ்யம். படத்தைத் திறக்காமலேயே ஒளிப்பதிவை ரசித்திருக்கிறார்கள்!

கட்டணம் வாங்குவதே மோசடி என்று நினைத்துவிட வேண்டாம். பெர்லின், சன்டான்ஸ் விழாக்களும் கட்டணம் வாங்குகின்றன. பார்க்க வேண்டியது வேறு: படம் திரையில் ஓடியதா, நடுவர்கள் யார், ஒரு பரிசுக்கு எத்தனை படங்கள் போட்டியிட்டன. பிரான்ஸில் நடக்கும் கான்ஸ் விழாவின் பிரதானப் போட்டிக்கு உலகம் முழுவதிலும் இருந்து வருடத்துக்குச் சுமார் 20 படங்களைத்தான் எடுக்கிறார்கள். அதில் முதல் பரிசு தங்கப் பனை. ‘கிராண்ட் ப்ரீ’ என்று பெரிதாகப் பெயர் வைத்திருப்பது இரண்டாம் பரிசு.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. கான்ஸ் என்ற பெயரில் அங்கே பல கடைகள் திறந்திருக்கும். 2023இல் மலேசிய இயக்குநர் அமாண்டா நெல் யூவின் ‘டைகர் ஸ்ட்ரைப்ஸ்’ முதல் பரிசு வாங்கியது விமர்சகர் வாரம் என்ற பிரிவில். அதை நடத்துவது பிரெஞ்சு விமர்சகர்கள் சங்கம், இயக்குநரின் முதல் படமோ இரண்டாவது படமோதான் போட்டியில் கலந்துகொள்ள முடியும். தங்கப் பனை இல்லை என்றாலும் கடினமாகப் போட்டியிட்டு வென்ற பரிசு அது. (அதே படம் இங்கே தணிக்கைக்குப் பின் வெளியானபோது, இது என் படமே இல்லை என்று இயக்குநர் சொல்ல வேண்டி வந்தது தனிக் கதை.) இன்னொரு பக்கம், விழா நடக்கும் அதே நாட்களில் அங்கே திரைப்படச் சந்தையும் நடக்கிறது. பணம் கட்டி அரங்கை வாடகைக்கு எடுத்தால் யாரும் படம் போடலாம். அங்கே போட்டுவிட்டு ‘கான்ஸில் திரையிடப்பட்டது’ என்று போஸ்டர் அடித்தால் பொய் என்று சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல மாட்டேன்.

சின்னப் படங்கள் நேர்மையாக வென்ற விழாக்களும் நிறைய இருக்கின்றன. நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழா தரும் டைகர் விருது புதிய இயக்குநர்களைத் தேடிப் பிடித்துப் பெயர் வாங்கியது. நம் நாட்டின் தான் சுய் முய் 2007இலும் லியூ செங் தாட் 2008இலும் அதை வாங்கினார்கள். 2021இல் வினோத்ராஜின் தமிழ்ப் படம் ‘கூழாங்கல்’ வாங்கியபோது இங்கே எங்கள் வாட்ஸ்அப் குழுவே கொண்டாடியது.

பிரிவை எப்படி வகுக்கிறார்கள் என்பதுகூட முக்கியம்தான். 2016 மலேசியத் திரைப்பட விழாவில் ‘ஜகாட்’, ‘ஓலா போலா’ போன்ற படங்களைத் தேசிய மொழியில் இல்லை என்று தனிப் பிரிவில் ஒதுக்கினார்கள். திரைத்துறையிலேயே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அப்புறம் எல்லா மொழிக்கும் பொதுவாகச் சிறந்த மலேசியப் படம் என்ற பிரிவைத் திறந்தார்கள். அதை வாங்கியது ஷாஞ்சேய் குமார் பெருமாளின் தமிழ்ப் படமான ‘ஜகாட்’. அந்த ஒரு பரிசுக்கு ஈடாக இணைய விருது நூறு கொடுத்தாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தம்பியிடம் போய் ‘உன் விருது டூப்பு’ என்று சொல்லிவிடாதீர்கள். முதல் படத்தை முடித்த பையன், பெருமைப்படட்டும். அடுத்த படத்தை எங்கே அனுப்புவது என்று மட்டும் பேசுங்கள். பக்கத்திலேயே சிங்கப்பூர் விழாவில் தென்கிழக்காசியக் குறும்படப் போட்டி இருக்கிறது. நம் நாட்டுக் கலைஞர்கள் தொடங்கிய சீஷார்ட்ஸ் குறும்பட விழா இருக்கிறது. ஆவணப்படம், சமூகப் பிரச்சினை என்றால் ஃப்ரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட், தேர்வாகும் திட்டத்துக்குப் படமெடுக்க மானியமும் தந்திருக்கிறார்கள். இங்கெல்லாம் நிராகரிப்புதான் அதிகம் வரும். அது சகஜம்.

கோப்பைக்குக் கேட்கிற பணத்தைக் கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். சரி, அந்தப் பணத்தை என்ன செய்வது என்றால், ஆங்கில சப்டைட்டிலுக்குக் கொடுக்கலாம். செந்தூல் பேச்சில் பாதி மலாய், கால்வாசி சீனர்களின் கான்டனீஸ் கலந்திருக்கும். அதைக் கூகுளிடம் கொடுத்து மொழிபெயர்த்த படங்கள் என் மேசைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன, வசனம் தெரிந்த எனக்கே பாதி புரிவதில்லை.