ஏகாம்பரகுப்பத்துத் தறிக்காரருக்கு: மகளின் ஃபேஷன் படிப்பும் கடன் கணக்கும்

அன்புள்ள ஐயா,

ஞாயிறன்று நீங்களும் மகளும் திருத்தணிக்கு வந்து பேசிவிட்டுப் போன பிறகும் ஒரு காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை. நாம் இருவரும் கட்டணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, உங்கள் மகள் என் மேசை விரிப்பின் ஓரத்துப் பிசிறிலிருந்து ஓர் இழையை உருவினாள். அதன் நடுவே நாக்கால் ஈரப்படுத்தி, இரு கைகளாலும் பிடித்து இழுத்தாள். ஈரம் பட்ட இடத்திலேயே அறுந்தது. "இது பருத்தி இல்லை சார், ரேயான்" என்றாள். நனைந்தால் பருத்திக்கு வலு கூடும், ரேயானுக்குக் குறையும். இதை அவள் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை, உங்கள் தறிக்கூடத்தில் கற்றிருக்கிறாள். துணித் தொழில் அவளுக்குப் பொருந்துமா என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அதற்கு நாம் எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பதில்தான் ஐயம்.

சென்னையில் நீங்கள் பார்த்துவைத்திருக்கும் தனியார் கல்லூரிக்குக் கட்டணம், விடுதி, வரைபொருள், கணினி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 2.5 லட்சம், 4 ஆண்டுக்கு 10 லட்சம் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி 10 விழுக்காடு. படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கியில் சொல்வார்கள். தவணைதான் கிடையாது, வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 2.5 லட்சம் வாங்குவதாக வைத்துத் தனிவட்டி போட்டாலே, ஐந்தாம் ஆண்டு முடிவில் வட்டி மட்டும் 3.5 லட்சம் சேர்ந்துவிடும். மொத்தம் 13.5 லட்சத்தை 10 ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 17,840 ரூபாய் கட்ட வேண்டும். அவளுடைய முதல் சம்பளம் 20,000 என்றால், சென்னையிலோ திருப்பூரிலோ அவள் எதைக் கொண்டு வாடகை கொடுப்பாள், எதைக் கொண்டு சாப்பிடுவாள்? முதல் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்பது என் அளவுகோல். 20,000 சம்பளத்துக்கு அது மாதம் 5,000 ரூபாய். இதே வட்டியில், இதே கால அளவில் அந்தத் தவணை சுமார் 2.8 லட்சம் கடனைத்தான் தாங்கும். சம்பளம் கூடுதலாகக் கிடைத்தால் மகிழ்ச்சி. ஆனால் கிடைக்கும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

"100 விழுக்காடு வேலை" என்று அந்தக் கல்லூரிக் கையேட்டில் அச்சிட்டிருப்பதைக் காட்டினீர்கள். எந்த வேலை, எவ்வளவு சம்பளம் என்று அதில் ஒரு வரியும் இல்லை. சராசரிச் சம்பளத்தைச் சொன்னால் ஏமாறாதீர்கள். ஒருவர் பெரிய சம்பளம் வாங்கினால் போதும், மொத்தச் சராசரியும் ஏறிவிடும். சென்ற ஆண்டு முடித்தவர்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மாணவருக்கு என்ன சம்பளம் என்று கேளுங்கள். பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். சில இடங்களில் கட்டிடம் ஒருவருடையது, பட்டம் எங்கோ தொலைவிலுள்ள வேறொருவருடையது.

ஃபேஷன் என்றதும் நாம் வரைபடத்தையும் மேடையையும் நினைக்கிறோம். ஆடைத் தொழிற்சாலையில் ஆள் தேவைப்படும் இடங்கள் வேறு: ஏற்றுமதி ஆர்டரை நூலிலிருந்து கப்பல் வரை நகர்த்தும் மெர்ச்சண்டைசர், ஆடையின் அளவு வடிவத்தை (பேட்டர்ன்) வெட்டுபவர், தரம் பார்ப்பவர், தையல் வரிசையில் ஒரு சட்டைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று கணக்கிடுபவர். இழையை நாக்கில் வைத்தே அடையாளம் காணும் பெண்ணுக்கு அங்கே நல்ல இடம் இருக்கிறது. வடிவமைப்பு வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை. அவள் கையில் வைத்திருந்த சேலைக்கரை ஓவியங்களைப் பார்த்தேன், நன்றாகவே இருந்தன.

1986-இல் தொடங்கிய தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனத்துக்குத் தரமணியில் வளாகம் இருக்கிறது. நுழைவுத் தேர்வை அவள் கட்டாயம் எழுதட்டும். அங்கே வடிவமைப்புப் பட்டம் தவிர ஆடை உற்பத்திப் பட்டமும் உண்டு, அதற்குப் பிளஸ் டூவில் கணிதம் வேண்டும். அவள் கணிதம் படித்திருக்கிறாள், அந்தக் கதவை மூடிவிடாதீர்கள். ஆனால் அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் சொற்பமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம், அங்கும் லட்சங்கள் ஆகும். இடம் கிடைத்தால் பிரதமர் வித்யாலட்சுமித் திட்டத்தை வங்கியில் கேளுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை 3 விழுக்காடு வட்டி மானியம் உண்டு. பட்டியலில் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும்தான், அதனால் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இடம் கிடைக்காவிட்டால் என் அடுத்த யோசனை கைத்தறித் தொழில்நுட்ப டிப்ளமா. உங்கள் ஆந்திர மாநிலத்திலேயே வெங்கடகிரியில் இருக்கிறது, சேலத்தில் 1960 முதல் நடக்கிறது. மூன்றாண்டு படித்துவிட்டுப் பொறியியல் பட்டப்படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். செலவும் குறைவு. சொந்தக்காரர்கள் இதை இளக்காரமாகப் பேசலாம். தவணை கட்டப் போவது அவர்கள் அல்ல.

எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு சிக்கல். வீட்டில் தமிழ் பேசுகிறோம், பள்ளியிலும் தமிழில் படித்தோம் என்பதால் தமிழ்நாட்டுச் சலுகைகள் தாமாக வந்துவிடா. அங்கு தொழிற்படிப்புச் சேர்க்கையில் உள்ள 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கானது. உங்கள் மகள் ஆந்திரத்து நகரியில் படித்தவள். இருப்பிடச் சான்று எந்த மாநிலத்தில் வாங்க முடியும் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, இரண்டு தறிகளை விற்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம் ஐயா. படிப்புக் காலத்திலேயே வட்டியை மாதாமாதம் கட்டிவந்தால் அந்த 3.5 லட்சம் முதலோடு சேராது. முதல் ஆண்டில் வாங்கும் 2.5 லட்சத்துக்கு மாத வட்டி சுமார் 2,083 ரூபாய்தான், அதைக் கொடுக்கப் போவது அந்தத் தறிகளின் கூலிதான். அடுத்த முறை வரும்போது கடந்த ஓராண்டுக் கூலிக் கணக்கு நோட்டைக் கொண்டுவாருங்கள். மந்தமான மாதங்களில் கையில் என்ன நின்றது என்று பார்த்து, உங்களால் தாங்கக்கூடிய கடன் தொகையை அவளையும் உடன் வைத்துக்கொண்டே முடிவு செய்வோம்.