உளவு சொன்ன பிள்ளைக்குத் தஞ்சம் கிடைக்குமா?

கேள்வி: என் அக்கா மகனுக்கு இப்போது 17 வயது. ஊரில் போர் நடந்தபோது, 14 வயதில், அங்கே முகாம் போட்டிருந்த வெளிநாட்டு ராணுவத்துக்கு ஆயுதக் குழுவைப் பற்றித் தகவல் சொல்லியிருக்கிறான். எந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறது, ராத்திரி யார் வந்து போகிறார்கள் என்பதை மண்ணில் குச்சியால் வரைந்து காட்டுவானாம். பதிலுக்குச் சாப்பாட்டுப் பொட்டலமும் கொஞ்சம் பணமும் கிடைத்திருக்கின்றன. அவன் சொன்னதை வைத்து இரண்டு பேரைப் பிடித்தார்கள். ஒருவர் திரும்பி வரவே இல்லை. ராணுவம் கிளம்பிய பிறகு இவன் பெயர் வெளியே தெரிந்துவிட்டது. கொஞ்ச காலம் ஒளிந்திருந்துவிட்டு, தனியாக என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறான். ‘உளவு சொன்ன கதையை எடுக்காதே, சண்டைக்குப் பயந்து ஓடி வந்தேன் என்று மட்டும் எழுது’ என்கிறார் அனுப்பி வைத்த ஏஜென்ட். உண்மையைச் சொன்னால் இவனையே குற்றவாளி ஆக்கிவிடுவார்களோ என்று எனக்கும் பயம். என்ன செய்வது? (பெயரும் நாடும் வெளியே வர வேண்டாம்.)

பதில்: ஏஜென்ட் பேச்சைக் கேட்காதீர்கள். அவர் மறைக்கச் சொல்வதுதான் உங்கள் மருமகனின் வழக்கே. அதை எடுத்துவிட்டால் மனுவில் மிஞ்சுவது, ‘எங்கள் ஊரில் சண்டை’ என்ற ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக அகதி அந்தஸ்து கிடைப்பது அபூர்வம்.

காரணம் இதுதான். 1951 அகதிகள் உடன்படிக்கை, போருக்குப் பயந்து வந்த எல்லோரையும் அகதி என்று சொல்வதில்லை. இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம் இருக்க வேண்டும். குண்டு எல்லார் தலையிலும் விழும். உங்கள் மருமகனைப் பெயர் சொல்லித் தேடுகிறார்கள். இந்த வித்தியாசத்தில்தான் வழக்கு நிற்கிறது.

‘பதினாலு வயதுப் பையனுக்கு என்ன அரசியல் கருத்து? சாப்பாட்டுக்காகத்தானே சொன்னான்?’ என்று அதிகாரி கேட்கலாம். கேட்கட்டும். அவன் மனதில் என்ன இருந்தது என்பதோடு விஷயம் முடிவதில்லை. தேடுகிறவர்கள் அவனை யாராகப் பார்க்கிறார்கள் என்பதும் முக்கியம். ‘எதிரியின் ஆள்’ என்று அவர்கள் முடிவு கட்டியிருந்தால், அது அவன்மேல் ஏற்றப்பட்ட அரசியல் கருத்து. கனடா உச்ச நீதிமன்றம் 1993-இல் வார்ட் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. வட அயர்லாந்து ஆயுதக் குழு ஒன்றில் இருந்தவர் வார்ட். காவலுக்கு நிறுத்தப்பட்ட இடத்தில், பணயக் கைதிகளைக் கொல்லப் போகிறார்கள் என்று தெரிந்ததும் தப்பவிட்டுவிட்டார். குழு அவருக்கு மரண தண்டனை விதித்தது. அந்தச் செயலே அரசியல் கருத்தைக் காட்டுகிறது, துன்புறுத்துவது அரசாங்கமாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை என்றது நீதிமன்றம்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. அனுபவமில்லாத வக்கீல்கள் இதில் விழுவார்கள். ‘உளவு சொன்னவர்கள் என்ற சமூகக் குழு’ என்று மட்டும் எழுதினால் ஆபத்து. கொலம்பியாவின் காலி (Cali) நகரத்துப் போதைப்பொருள் கும்பலைப் பற்றி ரகசியமாகத் தகவல் கொடுத்த கொலம்பியர் ஒருவர் அப்படித்தான் வாதிட்டார். 2006-இல் அமெரிக்கக் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் அந்தக் குழுவை ஏற்கவில்லை. ரகசியமாகச் செய்கிறவர்களைச் சமூகம் எப்படித் தனிக் குழுவாக அடையாளம் காணும் என்பது அவர்கள் கேள்வி. ஆகவே, ஏற்றப்பட்ட அரசியல் கருத்தை முதல் காரணமாக வையுங்கள். குடும்பத்தையும் மிரட்டியிருந்தால் அதைத் தனியாக எழுதுங்கள். ‘இது வெறும் சொந்தப் பழி’ என்று யாரும் தள்ளிவிட முடியாதபடி, மிரட்டியவர்கள் என்ன வார்த்தை சொன்னார்கள் என்பதை அப்படியே மனுவில் கொண்டு வாருங்கள்.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். உடன்படிக்கையின் 1எஃப் பிரிவு, போர்க்குற்றம் போன்ற கொடுமைகளைச் செய்தவர்களுக்கு அகதி அந்தஸ்து இல்லை என்கிறது. ஆயுதம் இருக்கும் வீட்டை ராணுவத்துக்குக் காட்டுவது அதனாலேயே போர்க்குற்றம் ஆகிவிடாது. இதற்கு நெருக்கமான வழக்கு ஒன்று நம்மவருடையதே. பத்து வயதில் விடுதலைப் புலிகளில் சேர்ந்து, அடுத்து புலனாய்வுப் பிரிவுக்குப் போய், பின்னால் படைப் பிரிவுகளுக்குத் தலைமை ஏற்ற இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கு அது. இயக்கத்தில் இருந்தார் என்பதற்காக மட்டும் அவரை விலக்க முடியாது. குற்றத்துக்குத் தெரிந்தே, கணிசமான அளவில் அவர் துணை போனாரா என்று பார்க்க வேண்டும் என்று 2010-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2013-இல் எசோகோலா வழக்கில் கனடாவும் அதே வழியில் போனது.

உங்கள் மருமகன் விஷயத்தில் வயது இன்னும் பெரிய பலம். சிறார் படையினரைப் பற்றிய 2007-இன் பாரிஸ் கோட்பாடுகள், படைகளாலும் ஆயுதக் குழுக்களாலும் பயன்படுத்தப்பட்ட சிறுவர்களின் வரிசையில் உளவுக்கு அனுப்பப்பட்டவர்களையும் பெயர் சொல்லிச் சேர்க்கின்றன. 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைச் சண்டையில் ஈடுபடுத்துவது, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் சாசனத்தின்படி போர்க்குற்றம். குற்றம் செய்யும்போது 18 ஆகாதவர்கள்மேல் அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமும் கிடையாது. அவனைப் பயன்படுத்திய பெரியவர்கள்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தத் திரும்பி வராத மனிதரைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். பிடிபட்டவர்களுக்கு என்ன நடக்கும் என்று பையனுக்குத் தெரியுமா? விசாரணையின்போது பக்கத்தில் இருந்தானா? அவன் சொன்னதில் சொந்தப் பகை கலந்திருந்ததா? பதில் எதுவானாலும் முதலில் வக்கீலுக்குத் தெரிய வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரி வாயிலிருந்து வக்கீல் முதல் முறையாகக் கேள்விப்படுவதைப் போல மோசமான நேர்காணல் கிடையாது. ஒருவேளை விலக்கினாலும், சித்திரவதை நடக்கும் இடத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற, சித்திரவதைக்கு எதிரான 1984 ஐ.நா. உடன்படிக்கையின் தடைக்கு விதிவிலக்கு இல்லை.

வாக்குமூலத்தை அவன் சொற்களிலேயே எழுதுங்கள். தேதி நினைவில்லை என்றால் தேதி கண்டுபிடிக்க வேண்டாம். ‘பரீட்சை முடிந்த வாரம், மழை பெய்துகொண்டிருந்தது’ என்பது போதும். மண்ணில் வரைந்தானே, அதை ஒரு காகிதத்தில் மறுபடி வரையச் சொல்லுங்கள்: முகாம் வாசல், அவன் நின்ற இடம், அந்த வீடுகள், அவன் போய் வந்த வழி. ஏஜென்ட் எழுதிக் கொடுக்கும் கதையில் இப்படிப்பட்ட விவரம் இருக்காது. ஐ.நா. அகதிகள் அமைப்பின் 2009 வழிகாட்டுதல், சிறுவர்களிடம் பெரியவர்களிடம் எதிர்பார்க்கும் துல்லியத்தை எதிர்பார்க்கக் கூடாது என்கிறது. மொழிபெயர்ப்பாளர் அதே ஊர்க்காரராக இருந்து பையன் வாயைத் திறக்கப் பயந்தால், வேறு ஒருவரை உடனே கேட்கலாம்.

சான்றிதழ் எதற்காகவும் சொந்த நாட்டுத் தூதரகத்துக்குப் போகாதீர்கள். அவன் முகத்தையோ இருக்கும் ஊரையோ ஃபேஸ்புக்கில் போடாதீர்கள்.

அந்த ராணுவத்தின் அதிகாரி யாராவது ‘உன்னை எங்கள் நாட்டுக்குக் கூட்டிப் போவேன்’ என்று சொல்லியிருந்தால், அந்த வாக்கு நீதிமன்றத்தில் உரிமையாக நிற்காது. அமெரிக்கா இராக்கியர்களுக்கும் ஆப்கானியர்களுக்கும் கொடுத்த சிறப்பு விசாக்கள்கூட வேலைக்கு அமர்த்தப்பட்டவர்களுக்குத்தான். அவ்வப்போது துப்புச் சொன்ன பையன் அதில் அடங்குவது கடினம். ஆனால் அந்த அதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் வாங்க முடிந்தால், அது நல்ல சாட்சி. அதை வக்கீல் மூலமாகவே கேளுங்கள்.

கடைசியாக, காலம். பையனுக்கு 18 ஆவதற்குள் மனு உள்ளே போய்விட வேண்டும். நீங்கள் ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் இருந்தால் இது இன்னும் அவசரம். பெரியவர் துணையில்லாமல் வந்து, 18-க்குள் மனு போட்ட பிள்ளைக்கு விசாரணை நடக்கும்போது வயது தாண்டினாலும், பெற்றோரை அழைக்கும் விஷயத்தில் அவர் சிறுவராகவே கருதப்படுவார் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018-இல், நெதர்லாந்து வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்தது. அந்தஸ்து கிடைத்த நாளிலிருந்து பொதுவாக மூன்று மாதத்துக்குள் அழைப்பு மனு போட வேண்டும். உங்கள் அக்காவின் அடையாளத் தாள்கள், பையனின் பிறப்புச் சான்று ஆகியவற்றின் நகல்கள் குடும்பத்திடம் இருந்தால் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.