யாழ்ப்பாணம் சமாளித்ததே, நமக்கென்ன?

அன்புள்ள ஐயா,

பெட்ரோலும் டீசலும் குறையப்போகிற காலத்துக்கு ஊர்கள் இப்போதே தயாராக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1990களின் தொடக்கத்தில் போரின்போது யாழ்ப்பாணத்துக்குள் பெட்ரோலையும் டீசலையும் விடவே இல்லை. அந்த மக்கள் சைக்கிளையும் மண்ணெண்ணெயையும் வைத்துச் சமாளித்தார்கள். தேவை வந்தால் வழியும் வரும். அதற்குள் மின்சார வண்டிகளும் மலிவாகிவிடும். இப்போதே ஏன் இவ்வளவு பதற்றம்?

ஒரு வாசகர், பெரம்பலூர் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

யாழ்ப்பாணத்தை நினைவுபடுத்தியதற்கு நன்றி. ஆனால் ஊர்கள் முன்கூட்டியே தயாராக வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

1990 ஜூனில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மறுபடி மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெட்ரோல், டீசல், பேட்டரி எல்லாவற்றையும் அரசு தடைசெய்தது. மின்சாரமும் போயிற்று. பழைய மோரிஸ் மைனர், ஆஸ்டின் கார்களைக் கொஞ்சம் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, அப்புறம் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்டார்கள். சோப்பு கிடைக்காதபோது பனம்பழத்தைக் கொண்டு துணி துவைத்தார்கள். அந்த மக்களின் சாமர்த்தியத்தை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அதே சமயம், மண்ணெண்ணெயும் பூமிக்கடியிலிருந்து வந்த எண்ணெய்தான். அதைப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கினார்கள். அவசர நோயாளிகளையும் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோனார்கள். நாம் ‘சமாளித்தார்கள்’ என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகிறோம்.

அந்த அளவுக்காவது எப்படி முடிந்தது? நிலம் சமதளம். வீடுகளில் ஏற்கெனவே சைக்கிள் இருந்தது. பள்ளி, சந்தை, கோயில் எல்லாம் மிதித்துப் போகிற தூரத்தில் இருந்தன. வீட்டு வளவுக்குள் கிணறு, பக்கத்திலேயே தோட்டம். இதில் எதையும் தடை வந்த பிறகு உருவாக்கவில்லை. தலைமுறைகளாக அமைந்திருந்த ஊர் அது.

2022இல் இலங்கை முழுவதும் இன்னொரு தட்டுப்பாட்டைப் பார்த்தது. அந்நியச் செலாவணி தீர்ந்துபோய், ஜூன் கடைசியில் இரண்டு வாரம் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும் எரிபொருள் என்று அறிவித்தார்கள். பிறகு, கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு இவ்வளவுதான் என்று வாங்கும் முறை வந்தது. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர், ஆட்டோவுக்கு 5 லிட்டர். வடக்கில் மீனவர்கள் மண்ணெண்ணெய் இல்லாமல் கடலுக்குப் போக முடியவில்லை. சைக்கிள் விலை எகிறியது. தேவை வந்ததும் வழி வரவில்லை, வரிசைதான் வந்தது.

சரி, நம் பக்கம் வருவோம். இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. அப்படி இருந்தும் எல்லாவற்றையும் தூரத் தூரமாகத் தள்ளிவைக்கிறோம். பைபாஸ் ஓரம் மனை போடுகிறோம், பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோகிறோம், குழந்தையை வேனில் ஏற்றிப் பக்கத்து டவுன் பள்ளிக்கு அனுப்புகிறோம். மின்சார வண்டி வரட்டும், வேண்டியதுதான். ஆனால் அது தூரத்தைக் குறைக்காது. அதை வாங்கக் காசில்லாதவருக்கு அதனால் பயனும் இல்லை.

நாம் வெறுங்கையோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஓட்டப் பழகினார்கள். வேலைக்கும் சந்தைக்கும் போக யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று ஆனது. 1997இல் மினி பஸ் வந்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எண்ணெய் குறைவதை மனதில் வைத்து இவற்றைச் செய்யவில்லைதான். ஆனாலும் நம்மிடம் உள்ள உண்மையான தயாரிப்பு இதுதான் என்று நினைக்கிறேன். இவை தேய்ந்துபோக விட்டுவிட்டு, பிறகு சாமர்த்தியத்தை நம்பி உட்கார்ந்திருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் ஊரிலேயே ஒரு வேலை இருக்கிறது. மோட்டார் வண்டி இல்லாமல் ரேஷன் கடைக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், உயர்நிலைப் பள்ளிக்கும் எத்தனை வீட்டுக்காரர்கள் போய்வர முடியும் என்று நாலு பேர் சேர்ந்து கணக்கெடுங்கள். காலை பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபையில் அதை வாசித்து, இல்லாத பஸ்ஸைக் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். கணக்கை எனக்கும் அனுப்பினால் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்.