உடைந்த சன்னல் கண்ணாடியை நாமே மாற்ற முடியுமா?

முடியும். மரச் சன்னலாக இருந்து, கண்ணாடியை மரப் பீடிங் (ஓரத்தில் ஆணி அடித்த மெல்லிய மரப்பட்டி) பிடித்திருந்தால் ஒரு காலைப் பொழுது போதும். மாடியில் உடம்பை வெளியே நீட்டிச் செய்யவேண்டியிருந்தால் மட்டும் தயவுசெய்து ஆளைக் கூப்பிடுங்கள்.

போன ஐப்பசியில் காற்றில் கதவு அறைந்து எங்கள் சமையலறைச் சன்னல் கண்ணாடி விரிந்துபோனது. கதவைக் கீலிலிருந்து கழற்றித் தரையில் கிடத்திக்கொண்டேன். விரிசல்மேல் அகலமான டேப்பை ஒட்டிவிட்டால் சில்லு தெறிக்காது. கனத்த கையுறையும் செருப்பும் கட்டாயம். பீடிங்கின் நடுவில் உளியைக் கொடுத்து மெல்ல நெம்பினால் ஆணியோடு எழுந்து வரும். நான்கிலும் பென்சிலால் எண் போட்டு வையுங்கள். மூலைவெட்டு அதனதன் இடத்தில்தான் சேரும்.

அளவில்தான் நான் தவறினேன். காடியின் (கண்ணாடி உட்காரும் சட்டத்துப் பள்ளத்தின்) அடிப்பக்கத்தை மட்டும் அளந்து, அதே அளவுக்குக் கடையில் கண்ணாடி வெட்டி வந்தேன். மேல்பக்கம் ஒரு நூல் (அதாவது 1/8 அங்குலம்) குறுகல். உள்ளே இறங்கவே இல்லை. பழைய சட்டம் எதுவும் சரிசதுரமாக இருப்பதில்லை. அகலத்தையும் உயரத்தையும் மூன்று மூன்று இடத்தில் அளந்து, ஆகக் குறைந்ததை எடுத்து, அதிலும் ஒரு நூல் கழித்துச் சொல்லுங்கள். மழையில் மரம் ஊதும்போது அந்த இடைவெளி இல்லையென்றால் புதுக் கண்ணாடியும் விரியும். சாதாரணச் சன்னலுக்கு 4 மி.மீ. தடிமன் கண்ணாடி போதும். குளியலறைக்குப் பின்ஹெட் கண்ணாடி (புள்ளி புள்ளியாக இருக்கும், உள்ளே தெளிவாகத் தெரியாத கண்ணாடி) கேளுங்கள்.

காடியில் மெல்லிசாகப் புட்டி (கண்ணாடி பதிக்கும் பசை மாவு) பூசி, கண்ணாடியை அதன்மேல் அமர்த்திப் பீடிங்கை வையுங்கள். ஆணி அடிக்கும்போது கண்ணாடிமேல் ஒரு அட்டையை விரித்து, சுத்தியலைத் தூக்கி அடிக்காமல் அட்டையோடு ஒட்டி நகர்த்தித் தட்டவேண்டும். ஆணியின் முனை சற்றே மரத்தின் பக்கம் சாய்ந்திருக்கட்டும்.

பெருக்கிய பிறகும் தரையில் பொடி மின்னும். பிசைந்த கோதுமை மாவு உருண்டையால் ஒற்றி எடுங்கள். அந்த மாவைக் காக்கைக்கோ மாட்டுக்கோ போட்டுவிடாதீர்கள். சில்லுகளை அட்டைப்பெட்டியில் இட்டு, ஒட்டி, மேலே ‘கண்ணாடி’ என்று பெரிதாக எழுதிக் குப்பை வண்டி அக்காவிடம் சொல்லியே கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் தம் வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கட்டைவிரல் அடியிலிருந்து மணிக்கட்டுவரை வெள்ளையாக ஒரு தழும்பு.