நீரிழிவு என்ற சொல்லை விட்டுவிடுங்கள்

ஐயா, வணக்கம்.

என் தம்பிக்கு 26 வயது. மூன்று மாதத்துக்கு முன் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் இருந்த கட்டியை மூக்கு வழியாக எடுத்தார்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தில் 'டயாபடீஸ் இன்சிபிடஸ்' என்று இருந்தது. அன்றிலிருந்து அம்மா அவன் காபியில் சர்க்கரையை நிறுத்திவிட்டார். பெரியம்மா தினமும் பாகற்காய்ச் சாறு கொடுத்தனுப்புகிறார். "இவ்வளவு தண்ணி குடிச்சா இவ்வளவு போகத்தான் செய்யும், குறைச்சுக்கடா" என்று மாமா திட்டுகிறார். சர்க்கரை வியாதி இல்லை என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். யார் காதிலும் ஏறவில்லை. தமிழில் எழுதிக் காட்டலாம் என்று தேடினால் 'சர்க்கரையில்லா நீரிழிவு' என்று வருகிறது. பிட்யூட்டரிக்குக் 'கபச்சுரப்பி' என்று ஓரிடத்தில் பார்த்தேன். அதைக் காட்டினால் இவனுக்குச் சளிக்கோளாறு என்று அம்மா கஷாயம் வைத்துவிடுவார். சரியான சொற்களைத் தருவீர்களா? என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

சொல்லுக்குப் பிறகு வருகிறேன். முதலில் மாமாவிடம் பேசுங்கள், இன்றைக்கே.

தம்பி நிறையக் குடிப்பதால் நிறையப் போகவில்லை. நிறையப் போவதால்தான் அவருக்குத் தாகம் எடுக்கிறது. நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் வெளியே விட்டு, மீதியை உடம்புக்கே திருப்பித் தருகின்றன. அந்தச் சேமிப்பின் கடைசிக் கட்டத்தை நடத்துவது வாசோபிரஸின் என்ற ஹார்மோன். அது மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸில் உருவாகி, பிட்யூட்டரியின் பின்பகுதியில் தங்கி, அங்கிருந்து இரத்தத்தில் கலக்கிறது. கட்டியாலோ அறுவை சிகிச்சையாலோ அந்தத் தடம் அடிபட்டால் நீரைப் பிடித்துவைக்க ஆள் இல்லை. சிலருக்குப் பத்து லிட்டருக்கு மேலும் போகும். அப்போது குடிப்பதைக் குறைத்தால் போவது நிற்காது. உடம்பு வற்றி, இரத்தத்தில் உப்பு ஏறி, நினைவு தடுமாறும்.

தம்பிக்கு டெஸ்மோபிரஸின் மாத்திரையோ மூக்கு ஸ்பிரேயோ கொடுத்திருப்பார்கள். இல்லாத ஹார்மோனின் வேலையை அது செய்கிறது. மருந்து வேலை செய்யும் நேரத்தில் தாகத்துக்கு மிஞ்சிக் குடித்தால் எதிர்ப்பக்கம் ஆபத்து உண்டு, உப்பு இறங்கிவிடும். தாகத்துக்குக் குடிப்பதும், டாக்டர் சொன்ன அளவில் மருந்து எடுப்பதும்தான் வழி. பாகற்காய்ச் சாற்றுக்கு இதில் வேலையே இல்லை. அம்மா காபியில் சர்க்கரை போடட்டும்.

இப்போது சொல். 'டயாபடீஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு உடம்பின் வழியே கடந்து ஓடுவது என்று பொருள். சர்க்கரை அதில் எங்குமே இல்லை. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர் நோயாளிகளின் சிறுநீரை நாக்கில் வைத்துப் பார்த்து, அது தேன்போல் இனிக்கிறது என்று எழுதினார். நம் நாட்டு வைத்தியர்கள் அவருக்கு வெகுகாலம் முன்பே, எறும்பு மொய்ப்பதை வைத்து அதைக் கண்டிருந்தார்கள். பிறகு, இனிக்காத சிறுநீரும் இப்படிக் கொட்டுவதுண்டு என்று தெரிந்தபோது, இனிப்பதற்கு 'மெல்லிட்டஸ்', சப்பென்று இருப்பதற்கு 'இன்சிபிடஸ்' என்று பெயர் பிரிந்தது. காரணத்தை அறியாத காலத்தில் நாக்கு வைத்த பெயர்கள் இவை.

தமிழிலும் இதே கதைதான். இழிதல் என்றால் இறங்குதல், வழிதல். அருவி மலையிலிருந்து இழிகிறது என்போம். அப்படிப் பார்த்தால் உங்கள் தம்பிக்கு இருப்பதுதான் அப்பழுக்கில்லாத நீரிழிவு. ஆனால் அந்தச் சொல் சர்க்கரை நோய்க்குப் போய்விட்டது. தெருவுக்குத் தெரு பலகைகளில் அந்தப் பொருளில்தான் நிற்கிறது. இனி அதைத் திரும்பப் பெற முடியாது. 'சர்க்கரையில்லா நீரிழிவு' என்று எழுதினால் கேட்பவர் மனதில் 'சர்க்கரை'யும் 'நீரிழிவு'ம் தங்கும், 'இல்லா' உதிர்ந்துவிடும்.

படித்தவர்களுக்கும் இந்தக் குழப்பம் வருகிறது. இந்த நோயுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2022இல் வெளியான ஆய்வில், மருத்துவப் பணியாளர்களே தங்கள் நோயைச் சர்க்கரை நோயாக எடுத்துக்கொண்டதாக 80 சதவீதம் பேர் சொன்னார்கள். 85 சதவீதம் பேர் பெயரை மாற்றச் சொன்னார்கள். 2009இல் லண்டனில் இதே நோயுள்ள 22 வயது இளைஞர் ஒருவர் இடுப்பு அறுவைக்காக மருத்துவமனையில் சேர்ந்து, டெஸ்மோபிரஸின் கிடைக்காமல் நீர் வற்றியே இறந்தார். தண்ணீர் கேட்டுக் காவல் துறைக்குத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது தாங்கவில்லை.

அதனால் 2022இல் பல நாட்டு ஹார்மோன் மருத்துவச் சங்கங்கள் கூடிப் புதுப்பெயர் வைத்தன. ஹார்மோன் சுரக்காவிட்டால் 'வாசோபிரஸின் குறைபாடு', சுரந்தும் சிறுநீரகம் அதற்குக் கட்டுப்படாவிட்டால் 'வாசோபிரஸின் எதிர்ப்பு'. முன்னால் 'ஆர்ஜினின்' என்று ஒரு சொல் சேரும். தமிழிலும் இப்படியே எழுதலாம் என்பது என் முடிவு. வீட்டில் சொல்வதற்கு 'நீர் காக்கும் ஹார்மோன் குறைவு' போதும், அம்மாவுக்கு உடனே புரியும்.

கபச்சுரப்பி பற்றி நீங்கள் பயந்தது நியாயம். மூளையின் கழிவு கபமாகி மூக்குக்கு இறங்குகிறது என்று 2ஆம் நூற்றாண்டில் கேலன் என்ற கிரேக்க மருத்துவர் நம்பினார். 1543இல் உடற்கூற்று அறிஞர் வெசாலியஸும் அதையே ஏற்று, கபத்தின் லத்தீன் பெயரான 'பிட்யூட்டா'வை வைத்து இந்தச் சுரப்பியைக் குறிப்பிட்டார். அப்படி ஒரு வழியே கிடையாது என்று 1660இல் ஷ்னைடர் என்ற ஜெர்மன் மருத்துவர் காட்டினார். பிழை போனது, பெயர் நின்றது. 'பிட்யூட்டரி' என்று சொல்லும் எவர் காதிலும் இன்று கபம் கேட்பதில்லை. தமிழாக்கியவர்கள் வேர்ச்சொல்லைத் தோண்டியபோது, அங்கே புதைந்து கிடந்த பிழையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். இலங்கைப் பாடநூல்களில் கபச்சுரப்பி ஊன்றிவிட்ட சொல். படித்துப் பழகியவர்களுக்கு அதில் குழப்பமில்லை, அவர்களோடு எனக்கு வழக்கும் இல்லை. உங்கள் அம்மாவுக்குப் 'பிட்யூட்டரி' என்றே சொல்லுங்கள். கடலை அளவில், மூக்கின் வேருக்குப் பின்னால், மூளைக்கு அடியில் தொங்குகிறது என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

இதே சுரப்பியிலிருந்து வரும் வளர்ச்சி ஹார்மோன் மிகுவதை 'அசுரத்தன்மை' என்று சில புத்தகங்களில் பார்க்கிறேன். நோயாளியின் முகத்துக்கு நேரே உச்சரிக்க முடியாத சொல் எனக்குக் கலைச்சொல்லாகப் படவில்லை.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தம்பி எப்போதாவது வேறு காரணத்துக்காக மருத்துவமனையில் சேரலாம். ஸ்கேனுக்கோ அறுவைக்கோ வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்வார்கள். அவர் பேசும் நிலையில் இல்லாமலும் போகலாம். ஓர் அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இப்படி எழுதி, அவருடைய டாக்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி, சட்டைப்பையில் வைக்கச் சொல்லுங்கள்:

"எனக்கு வாசோபிரஸின் குறைபாடு. சர்க்கரை நோய் அல்ல. டெஸ்மோபிரஸினை நிறுத்தாதீர்கள். வாய் வழியே நீர் தர முடியாவிட்டால் என் ஹார்மோன் மருத்துவரை உடனே அழையுங்கள்."

கீழே அந்த மருத்துவருடைய தொலைபேசி எண்.