வளைவு வேறு, வலி வேறு

முதுகெலும்பு வளைவு பற்றி வந்த கடிதங்களில் நான்குக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். கும்பகோணத்தில் பிசியோதெரபி செய்துவருகிறேன். எனக்கும் பள்ளி நாளிலிருந்தே இந்த வளைவு உண்டு. மருத்துவர்கள் சீட்டில் ஸ்கோலியோசிஸ் என்று எழுதுவது இதைத்தான். முதுகெலும்பு பக்கவாட்டில் 10 டிகிரியோ அதற்கு மேலோ வளைந்து, கூடவே கொஞ்சம் முறுக்கிக்கொண்டும் இருக்கும்.

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 41 வயது. வீட்டில் பட்டுத்தறி. சிறுவயதிலேயே முதுகு வளைவு என்றார்கள், அப்படியே விட்டுவிட்டோம். இரண்டு வருடமாக மாலையானால் இடது இடுப்புக்கு மேலே எரிச்சலும் வலியும் தாங்க முடியவில்லை. முன்பு எடுத்த எக்ஸ்ரேயில் 35 டிகிரி, இப்போது 38. இழுத்து நேராக்கிவிடுவதாக ஓரிடத்தில் சொல்லி முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா? தறியை விட்டுவிட வேண்டுமா?
— வாசகி, திருபுவனம்

பதில்: சகோதரி, அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். எலும்பு வளர்ச்சி முடிந்தவரின் வளைவை இழுவையோ எண்ணெயோ பெல்ட்டோ நேராக்காது. இழுத்தால் இறுகிய தசை சற்றுத் தளரும், சில மணி நேரம் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். பெரியவர்களின் வளைவை நிமிர்த்துவது கம்பியும் திருகும் பொருத்தும் அறுவைச் சிகிச்சை ஒன்றே. அதையும் பொதுவாக 45, 50 டிகிரியைத் தாண்டி வளைவு கூடிக்கொண்டே போனாலோ, நரம்பு நசுங்கினாலோதான் யோசிப்பார்கள். நீங்கள் அந்த இடத்தில் இல்லை.

35, 38 ஆனதைக் கண்டு பயந்திருக்கிறீர்கள். எக்ஸ்ரேயில் அதிகம் சாய்ந்த இரண்டு முள்ளெலும்புகளின் மேல் கோடு போட்டு இந்தக் கோணத்தை அளக்கிறார்கள். ஜான் காப் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-ல் சொன்ன முறை இது. ஒரே படத்தை இருவர் அளந்தால் 5 டிகிரி வரை வேறுபடலாம். ஆகவே இந்த 3 டிகிரியை வைத்து வளைவு கூடிவிட்டது என்று சொல்ல முடியாது. வளர்ச்சி முடிந்தபின் 30 டிகிரிக்குக் குறைந்த வளைவு பெரும்பாலும் அப்படியே நிற்கும். நெஞ்சுப் பகுதியில் 50-ஐத் தாண்டியதுதான் ஆண்டுக்குச் சுமார் 1 டிகிரி வீதம் கூடும் இயல்புடையது. உங்களுடையது இடையில் இருப்பதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நின்றபடி படம் எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டால் போதும். பழைய படங்களை எறியாதீர்கள்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. வளைவின் அளவும் வலியின் அளவும் ஒன்றல்ல. என்னிடம் வருபவர்களில் 25 டிகிரியோடு படுக்கையை விட்டு எழச் சிரமப்படுபவரும் உண்டு, 50 டிகிரியோடு சம்பா நடவுக்குப் போகிறவரும் உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், சிகிச்சை எடுக்காமலே விட்ட நோயாளிகளை ஏறத்தாழ 50 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்கு முதுகுவலி கூடுதல்தான். ஆனாலும் பெரும்பாலோர் வேலை பார்த்து, குடும்பம் நடத்தி, எல்லோரையும் போலவே வாழ்ந்திருக்கிறார்கள். கோணத்தை அப்படியே விட்டுவிட்டு வலியை மட்டும் குறைக்க முடியும். நானும் அப்படித்தான் வாழ்கிறேன்.

இனி தறிக்கு வருவோம். குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் உங்களை என்னால் கற்பனை செய்ய முடிகிறது. கால்கள் குழிக்குள் மிதியில் இருக்கும், வயிறு துணி சுற்றும் மரத்தில் சாய்ந்திருக்கும், ஒரு கை ஊடை நூலை ஓட்டும் நாடாவின் கயிற்றை இழுக்கும், மறு கை அச்சை அடிக்கும். நாள் முழுவதும் உடல் ஒரே பக்கமாகத் திரும்புகிறது. வளைவின் புடைத்த பக்கத்துத் தசைதான் உடலைத் தாங்க ஓயாமல் உழைக்கிறது. மாலையில் அது எரிவதில் வியப்பில்லை. தறியை விட வேண்டாம், உட்காரும் நேரத்தைத் துண்டாக்குங்கள். நாடாவுக்குள் நூல் சுற்றி வைக்கும் தார் தீர்ந்து மாற்றும்போது, இரண்டு மூன்று தாருக்கு ஒருமுறை குழியை விட்டு எழுந்து கூடம் வரை நடந்துவிட்டு வாருங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே இருப்பில் இருக்க வேண்டாம். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருக்கும்படி, உட்காரும் பலகையில் பழைய போர்வையை மடித்துப் போடுங்கள்.

காலையில் கை, முழங்கால் ஊன்றி நின்று, வலது கையையும் இடது காலையும் நீட்டி ஐந்து மூச்சு நிறுத்துங்கள், பிறகு மாற்றிச் செய்யுங்கள். அடுத்து, விலா குழிந்திருக்கும் பக்கத்தில் உள்ளங்கையை வைத்து, அந்தக் கையை வெளியே தள்ளுவது போல மூச்சை இழுங்கள். ஜெர்மனியில் கதரீனா ஷ்ரோத் 1921-லிருந்து வளர்த்தெடுத்த பயிற்சியின் அடிப்படை இப்படி மூச்சை ஆள்வதுதான். அவருக்கும் முதுகு வளைவு இருந்தது. எந்தப் பயிற்சி யாருக்கு என்பது வளைவின் அமைப்பைப் பொறுத்தது என்பதால், ஒருமுறை தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகிலுள்ள பிசியோதெரபிஸ்டிடமோ நேரில் காட்டிக்கொள்ளுங்கள்.

வெறும் தரையில் படுத்தால் முதுகு நிமிரும் என்று வீட்டில் சொல்வார்கள். கேட்க வேண்டாம். மிகக் கடினமும் இல்லாத, அமிழ்ந்து போகாத மெத்தையே வலிக்கு நல்லது. மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையைத் தினமும் போடாதீர்கள். வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் அப்படி வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. முதுகு வளைவு 28 டிகிரி. வரன் பார்க்கிறோம். ஒரு வீட்டார் வலது தோள்பட்டை தூக்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, குழந்தை பெற முடியுமா என்று கேட்டார்கள். மகள் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை.
— ஒரு தாய், மன்னார்குடி

பதில்: அம்மா, முடியும். இந்த அளவு வளைவோடு கருத்தரிப்பதற்கும் சுகப்பிரசவத்துக்கும் தடை இல்லை. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்ய நேர்ந்தால் மயக்க மருத்துவருக்கு உதவும்படி, எக்ஸ்ரேயை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். பிள்ளைக்கும் வருமா என்று அடுத்துக் கேட்பார்கள். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் வாய்ப்பு சற்றுக் கூடுதல், வந்தே தீரும் என்பதில்லை. வரும் வீட்டாரிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். ஒளித்தால் அது உங்கள் மகளுக்கே தான் ஏதோ குறையுள்ளவள் என்ற எண்ணத்தை ஊட்டும். அந்த வீட்டார் கேட்டது எனக்கும் வலித்தது. ரவிக்கையில் தாழ்ந்த தோளுக்கு மட்டும் மெல்லிய பஞ்சுப் பட்டை வைத்துத் தைத்தால் தோள் சமமாக விழும். நான் அப்படித்தான் தைத்துக்கொள்கிறேன். அவள் விரும்பினால் மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: எனக்கு 67 வயது, விவசாயி. இளவயதில் நிமிர்ந்துதான் இருந்தேன். இப்போது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன். பம்புசெட்டிலிருந்து வயல்கோடி வரை நடந்தால் இரண்டு கால்களும் மரத்துப்போகின்றன. வரப்பில் உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. சைக்கிளில் ஆலங்குடி வரை போனாலும் ஒன்றும் செய்வதில்லை.
— வாசகர், வலங்கைமான்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. வயதாகும்போது முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகள் ஒரு பக்கமாகத் தேய்ந்தால் முதுகெலும்பு புதிதாகச் சாயும். நரம்பு போகும் பாதையும் குறுகும். நிமிர்ந்து நடக்கையில் அந்தப் பாதை மேலும் இறுகும், குனிந்தால் விரியும். சைக்கிளில் குனிந்து உட்கார்வதால்தான் அங்கே வலி இல்லை. ஆகவே சைக்கிளை விடாதீர்கள், அதுவே உங்கள் உடற்பயிற்சி. காலில் ரத்த ஓட்டம் குறைந்தாலும் இப்படி வரலாம் என்பதால், மருத்துவரைப் பாதத்து நாடியையும் பார்க்கச் சொல்லுங்கள். 45 கிலோ யூரியா மூட்டையை இனி நீங்கள் தூக்க வேண்டாம். உயரம் குறைந்திருந்தால் எலும்பு அடர்த்தியும் பார்க்க வேண்டும். வெளியே போக இயலாத நாளில், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுக்குள் இல்லாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ விடியும் வரை காத்திருக்க வேண்டாம். அந்த இரவே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன், வயது 19. வளைவு 22 டிகிரி, வலி எப்போதாவது. காவிரியில் தண்ணீர் வந்ததும் தினமும் நீந்தினால் நேராகுமா? 12 வயதுத் தங்கைக்கும் ஒரு தோள் ஏறியது போல் தெரிகிறது.
— வாசகர், திருவையாறு

பதில்: தம்பி, நீச்சலால் நேராகாது. ஆனால் முதுகுக்கும் மூச்சுக்கும் நல்லது, ஆழமும் சுழலும் தெரிந்த துறையில் மட்டும் நீந்துங்கள். உங்களைவிடத் தங்கைதான் அவசரம். வளரும் வயதில் மட்டுமே, உடம்பைச் சுற்றி அணியும் பெல்ட் வளைவு கூடாமல் தடுக்கும். 2013-ல் வெளியான ஆய்வில், அணிந்தவர்களில் 72 சதவீதத்தினரின் வளைவு 50 டிகிரியை எட்டவில்லை, அணியாதவர்களில் அது 48 சதவீதம். தங்கையைக் கால்களைச் சேர்த்து நிற்கவைத்து, கைகளைத் தொங்கவிட்டுக் குனியச் சொல்லுங்கள். அம்மா பின்னால் நின்று பார்க்கட்டும். முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வயதுக்கு வந்து இரண்டு ஆண்டு கடந்தால் வளர்ச்சி பெரும்பாலும் நின்றுவிடும், பிறகு பெல்ட் போட்டும் பயனில்லை.