சாங்கி வெறும் மால்தானா? பெட்டி வர ஏன் அவ்வளவு நேரம்?

"அருவி வைத்த மால் என்பதைத் தவிர சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் என்ன இருக்கிறது? என் பெட்டி வரவே ஒரு மணி நேரம் ஆனது" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இறங்கிய அன்று இடி மின்னலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் விமானத்துக்கு அடியில் பெட்டி ஏற்றி இறக்குபவன். பதினோரு வருடம் ஆகிறது. நீங்கள் சொல்லும் 40 மீட்டர் அருவி, ஜுவல் என்கிற அந்த மாலோடு 2019-இல்தான் வந்தது. விமான நிலையம் 1981 முதல் ஓடுகிறது, ராத்திரியிலும் மூடுவதில்லை. அந்த 2019-இல் மட்டும் 6 கோடியே 83 லட்சம் பயணிகள். அருவியைப் பார்க்க வந்த கூட்டம் இதில் சேராது.

சரி, பெட்டிக்கு வருகிறேன். பெரிய விமானத்தில் பெட்டிகள் கண்டெய்னரில் வரும், இயந்திரமே இறக்கிவிடும். திருச்சியிலிருந்து வரும் சின்ன விமானங்களில் பெரும்பாலும் அப்படி இல்லை. ஒருவன் உள்ளே முட்டி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும், நிமிரவே முடியாது. மின்னல் எச்சரிக்கை வந்துவிட்டால் வெட்டவெளியில் யாரும் நிற்கக் கூடாது. எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஒதுங்கிவிடுவோம். பயணிகள் மட்டும் ஏரோபிரிட்ஜ் என்கிற மூடிய நடைபாலம் வழியாக நனையாமல் உள்ளே போய், குடிநுழைவும் முடித்து பெல்ட் முன்னால் நிற்பார்கள். பெட்டி விமானத்தின் வயிற்றிலேயே கிடக்கும்.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு ஏப்ரல் சாயங்காலம் இதேதான் நடந்தது. ஏப்ரல், மே என்றால் இங்கே சாயங்கால மின்னலுக்குப் பஞ்சமில்லை. அரை மணிக்கு மேல் ஒதுங்கி நின்றோம். வேலை முடிந்து வெளியே வந்தால், என் மனைவியின் பெரியப்பா. அந்த விமானத்தில்தான் துறையூரிலிருந்து வந்திருக்கிறார். "என்ன மாப்ளே, உங்க ஆளுங்க டீ குடிக்கப் போயிட்டாங்களா?" என்று நூறு பேர் முன்னால் கேட்டார். சட்டை முழுக்க ஈரத்தோடு, "ஆமாம் மாமா" என்றேன். வேறென்ன சொல்ல?

உடனே "நிர்வாகத்துக்கு ஜால்ரா" என்று கிளம்பாதீர்கள். சக்கரம் உடைந்த பெட்டிகளை நானும் பார்த்திருக்கிறேன், அவசரத்தில் தூக்கிப் போடுபவர்களும் உண்டு. வெயில் நாளில் ஒரு மணி நேரம் ஆகியிருந்தால் தாராளமாகப் புகார் செய்யுங்கள். மின்னலுக்கு நான் என்ன செய்வேன்?

அப்புறம், ஏர்போர்ட்டில் வேலை என்றாலே டிக்கெட் சும்மா கிடைக்கும் என்று நினைக்கும் சொந்தக்காரர்களே, எனக்கே கிடையாது.

அந்தப் பெரியப்பா ஊருக்குத் திரும்பும்போது அவர் பெட்டி 34 கிலோ. மைலோவும் கோடாலித் தைலமும். ஒரே பெட்டியில் 32 கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். தூக்குபவனுக்கும் முதுகு இருக்கிறதல்லவா? கவுண்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் டாக்சி பிடித்து தெம்பனிசில் இருக்கும் வீட்டுக்கு ஓடி, என் நல்ல நீலப் பெட்டியைக் கொண்டுவந்து, தரையில் உட்கார்ந்து தைலத்தையெல்லாம் பிரித்து அடுக்கிக் கொடுத்தேன். "யாராவது வந்தால் கொடுத்து விடுகிறேன் மாப்ளே" என்றார். இதுவரை நான்கு பேர் துறையூரிலிருந்து வந்துவிட்டார்கள். பெட்டி வரவில்லை.